நியூட்ரல் விழாத கரடி

ஒரு காட்டில், தார் ரோடு போட்ட பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், சடையப்பன் என்றொரு கரடி இருந்தது. அதற்குத் தேன் தொழில். தினமும் காலையில் சிங்கராஜாவின் குகைக்கு ஒரு கேன் தேன் கொண்டுபோய் இறக்க வேண்டும். ராஜா தோசைக்குச் சட்னி தொடமாட்டார், தேன்தான். தோசை ஆறுவதற்குள் தேன் வரவேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

நடந்துபோய்க் கொடுத்த காலத்தில் ஒரு நாளும் தோசை ஆறியதில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகுதான் ஆற ஆரம்பித்தது.

வண்டியை விற்றது தங்கப்பழம் என்கிற முயல். பழைய வண்டி வியாபாரத்தை நரி செய்தால் வாங்க வருகிறவன் உஷாராக வருவான். முயலை யார் சந்தேகப்படுவார்? வெள்ளை முகம், பேசும்போது மூக்கு வேறு துடிக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். கரடி பாவப்பட்டு வாங்கிவிட்டது.

வண்டியில் ஒரே குறை, நியூட்ரல் விழாது. முதல் கியரில் இருக்கும்போது காலால் லேசாகத் தூக்கினால் இரண்டாவதுக்குத் தாவிவிடும். இரண்டாவதிலிருந்து லேசாக மிதித்தால் முதலுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் என்று ஓர் இடம் எல்லா வண்டியிலும் இருக்கிறது. இந்த வண்டியில் மட்டும் அது கரடியின் காலைக் கண்டால் ஒளிந்துகொண்டது.

போய்க்கொண்டே இருக்கிறவனுக்கு நியூட்ரல் எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் கரடி போகிற வழியில் யானைக் கடவு இருந்தது. யானைகள் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது ரோட்டைக் கடக்கிற இடம். எப்போதோ ஒரு காட்டுப்பன்றி கியரில் நின்ற வண்டியின் கிளட்சை விட்டு, குட்டியானையின் காலில் போய் முட்டிவிட்டது. அன்றிலிருந்து சட்டம் வந்தது. யானை கடக்கும்போது வண்டிகள் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நியூட்ரலில் போட்டுவிட்டு, முன்னங்கை இரண்டையும் மேலே தூக்கிக் காட்ட வேண்டும். கடவைக் காக்கிற ஆமை வந்து பார்க்கும். கை தூக்காத வண்டி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

கரடி எப்படிக் கையைத் தூக்கும்? கிளட்சை விட்டால் வண்டி பாயும். எஞ்சினை அணைத்துவிடலாம், ஆனால் நியூட்ரல் விழாமல் அந்த வண்டி கிக் எடுக்காது; காலையில் வீட்டு வாசல் இறக்கத்தில் உருட்டித்தான் கிளப்பும், கடவில் இறக்கம் கிடையாது. ஆகவே தினமும் கோட்டில் நின்று காலால் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டுகிறவனைக் கண்டால் மற்றவன் சும்மா இருப்பானா?

"குதிகாலால தட்டும் வே," என்றது குரங்கு.

"விரலால," என்றது ஆடு. "நமக்கு அது கிடையாது, உமக்கு இருக்குல்லா."

"வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டணும். தொட்டில் ஆட்டுத மாதிரி," என்றது மயில்.

"நிக்கிறதுக்கு முந்தியே, உருண்டுக்கிட்டு இருக்கும்போதே போட்டுறணும். நின்னபொறவு எவனுக்கும் விழாது," என்றது எருமை. அது சொன்னதுதான் சரி. ஆனால் எருமை சொல்லி யார் கேட்டார்கள்?

ஆமை வந்தது. "கை எங்கே?"

"கிளட்சுல இருக்கு."

"மேல தூக்கும்."

"தூக்கினா வண்டி உம்ம மேல ஏறும். சம்மதமா?"

"கடைசிக்குப் போம்," என்றது ஆமை.

நடந்தே போயிருக்கலாமே என்பீர்கள். வண்டி வாங்கியவன் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் காடு சிரிக்காதா? அதற்குத் தோசை ஆறுவதே மேல் என்று கரடி நினைத்தது. ராஜா அப்படி நினைக்கவில்லை.

"சடையப்பா, இன்னைக்கும் தோசை ஆறிப்போச்சு."

"நியூட்ரல் விழமாட்டேங்கு ராஜா."

"நான் உன்கிட்ட நியூட்ரலா கேட்டேன்? தேன் கேட்டேன். நாளைக்கும் லேட்டானா தேன் சப்ளையைக் குரங்குக்குக் கொடுத்துருவேன்."

குரங்குக்கு. அதுவும் குதிகாலால் தட்டச் சொன்ன குரங்குக்கு. கரடிக்கு ரத்தம் கொதித்தது. நேரே முயலின் பட்டறை வாசலில் போய் நின்றது.

"வே தங்கப்பழம், வெளிய வாரும்."

முயல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தது. "வாங்கண்ணாச்சி. கேரட் ஜூஸ் சாப்பிடுதியளா?"

"அதை நீரே குடியும். நீர் வித்த வண்டியில நியூட்ரல் இல்ல."

"எத்தனை கியருன்னு சொல்லி வித்தேன்?"

"நாலு."

"நாலும் விழுதா?"

"அதெல்லாம் விழுது."

"பொறவு என்னண்ணாச்சி? வித்ததெல்லாம் இருக்கு. நியூட்ரல் கியரா? கியரே இல்லாத எடத்துக்குத்தான் நியூட்ரல்னு பேரு. இல்லாத ஒண்ணை நான் விக்கவே இல்லையே. இல்லாதது இல்லன்னு வாசல்ல நின்னு சண்டை போடுதியளே, அடுக்குமா?" முயலின் மூக்கு துடித்தது.

கரடிக்கு வாதம் புரியவில்லை. புரியாத இடத்தில் கோபம்தான் வரும். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏதாவது தந்தாத்தான் இந்த எடத்தை விட்டு நகருவேன்."

இங்கேதான் சறுக்கியது. சரிபண்ணிக் கொடு என்று கேட்டிருக்க வேண்டும். ஏதாவது கொடு என்று கேட்டுவிட்டது. பேரத்தில் 'ஏதாவது' என்று வாயைத் திறந்தவன் வீட்டுக்கு எடுத்துப்போவது ஏதாவதுதான்.

"நியூட்ரல் விளக்கு தாரேன்," என்றது முயல். "உங்க வண்டியில அந்தப் பச்சை விளக்கே எரியல. விளக்கு எரியாம நியூட்ரல் விழுந்தது யாருக்குத் தெரியும்?"

"விளக்கு மட்டுமா?"

"பின்னால பாக்கிற கண்ணாடி ஒண்ணு."

"ரெண்டு."

"சரி, ரெண்டு."

"ஹாரன்?"

"என் வயித்துல அடிக்காதிய அண்ணாச்சி."

"ஹாரன் வே."

"எடுத்துக்கிடுங்க. ஒங்க முகத்துக்காகத் தாரேன்."

முயல் ஒரு துண்டு வயரை எடுத்து, விளக்கின் ஒரு முனையை வண்டியின் இரும்போடு சேர்த்து முறுக்கியது. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. இனி எந்தக் கியரில் இருந்தாலும் அது எரியும். வண்டி அணையாமல் இருக்க எஞ்சின் வேகத்தையும் கொஞ்சம் ஏற்றிவைத்தது. கரடி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, ஹாரனை அடித்துப் பார்த்து, ஜெயித்துவிட்ட மிதப்பில் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனது. எதைக் கேட்க வந்தோம் என்பது அதன் நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை. யானைகள் கடந்துகொண்டிருந்தன. கரடி கோட்டில் நின்றது. காலால் ஒரு தட்டு தட்டியது. குனிந்து பார்த்தால் பச்சை விளக்கு.

"விழுந்துட்டு வே," என்றது கரடி, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி. குரங்கு எட்டிப் பார்த்து, குதிகாலால்தான் தட்டியிருக்கும் என்று ஆட்டிடம் சொன்னது. ஆமை வந்து விளக்கைப் பார்த்தது. "இப்போ கையைத் தூக்கும்."

கரடி பெருமையாக இரண்டு கையையும் தூக்கியது.

வண்டி பாய்ந்தது. கோட்டைத் தாண்டி, குட்டியானையின் வாலை உரசி, கூட்டத்துத் தலைவியின் நான்கு காலுக்கும் நடுவே நுழைந்தது. தலைவி எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது. தூக்கிய கையோடு வயிற்றுக்கு அடியில் போகும்போது கரடி அண்ணாந்து பார்த்து, "மன்னிச்சுக்கிடுங்க தாயி," என்றது. அந்தப் பக்கம் வெளியே வந்த பிறகுதான் ஹேண்டில்பாரைப் பிடித்தது. பிடித்தபிறகு நிறுத்துமா? நிறுத்தினால் யானை வந்துவிடும். ஒரே முறுக்கு.

குகையில் தோசை ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஆமை புகாரோடு வந்து சேர்ந்தபோது ராஜா மத்தியானத் தூக்கமே முடிந்து எழுந்திருந்தார். கூடவே யானைத் தலைவியும் வந்தது. ராஜா கூப்பிட்டனுப்பி வந்த கரடி ஓரமாக நின்று, இன்றோடு தேனும் போச்சு, தோலும் போச்சு என்று முணுமுணுத்தது. சூடான தோசையும் தேனும் சாப்பிட்ட ராஜா நல்ல மனநிலையில் இருந்தார்.

"பச்சை விளக்கு எரிஞ்சுதா?" என்று ஆமையைக் கேட்டார்.

"எரிஞ்சுது ராஜா. நானே பாத்தேன்."

"கையைத் தூக்கினானா?"

"தூக்கினான்."

"அப்போ வண்டி நியூட்ரல்ல நின்னிருக்கு."

"நிக்கலையே ராஜா, போயிட்டுதே."

"நியூட்ரல்ல நிக்கிற வண்டி எப்படிப் போகும்? எனக்கு வண்டியைப் பத்திச் சொல்லித் தாரியா?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"வண்டி என் வயித்துக்கு அடியில போச்சு," என்றது யானை.

"உன் வயிறு எதுக்கு ரோட்டுக்கு மேல இருந்துச்சு?" என்றார் ராஜா.

தீர்ப்பு வந்தது. வண்டி போகவில்லை, ரோடுதான் சரிந்திருக்கிறது. சரித்தது தினமும் மிதித்து நடக்கிற யானைகள். ரோட்டைச் சமப்படுத்தும் வேலை, நம்பிக்கையான முகம் என்பதால், முயல் தங்கப்பழத்துக்குத் தரப்படுகிறது. அதுவரை கரடியின் ஹாரன் கேட்டால் யானைகள் நின்று வழிவிட வேண்டும்.

முயல் அந்த வேலையை இன்னும் முடிக்கவில்லை. கரடி இப்போதெல்லாம் கடவுக்கு வருவதற்கு முன்பே ஹாரனை அடிக்கிறது, யானைகள் நிற்கின்றன, தோசை சூடாக இருக்கிறது. நியூட்ரல் இன்றுவரை விழவில்லை, யாரும் தேடவுமில்லை. ஒழுங்காக நியூட்ரல் விழுகிற வண்டிக்காரர்கள் மட்டும் கோட்டுக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

நேற்று எருமை முயலின் பட்டறைக்கு வந்தது. தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னது: "என் வண்டியில நியூட்ரல் நல்லா விழுது. அதைக் கொஞ்சம் எடுத்துவிடணும்."

முயலின் மூக்கு துடித்தது. "அதுக்குத் தனிக் கூலி ஆகுமே அண்ணாச்சி."

நீதி: ஒழுங்காக நிற்கத் தெரிந்தவன் நின்றுகொண்டே இருப்பான், நிற்கத் தெரியாதவனுக்கு யானையும் நின்று வழிவிடும். எதை விட்டாலும் பேரத்தில் ஹாரனை விடாதே.