வாஞ்சி கிச்சன் தரையை உடைச்ச கதை

"யாரு அங்கிள் தெரியாம உடைக்கறது? நானா? நான் பண்ற பிஎச்டியே வெப்பத்துல. சத்தம் வருதுன்னா காதுல பஞ்சு வச்சுக்குங்க. என் காலு வெறைக்குதே, அதுக்கு எதை வைக்கறது? பொறுமையா இருக்கணுமா? ஜனவரி மாசத்துல ஐஸ்கட்டி மேல நின்னு காபி போட்டுப் பாருங்க, அப்புறம் பொறுமையைப் பத்திப் பேசலாம்."

போனைத் தூக்கி சோஃபாவுல எறிஞ்சுட்டு சுத்தியலை எடுத்தான் வாஞ்சிநாதன். லைன்ல இருந்தது பக்கத்து வீட்டு மயில்சாமி அங்கிள். நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷன்ல இந்த டவுன்ஹவுஸ் வரிசைக்கே அசோசியேஷன் தலைவர்.

கிச்சன் டைல்ஸுக்கு அடியில ஹீட்டிங் ஒயர் ஓடுது. ஒரு வாரமா தரை ஜில்லுன்னு கிடக்கு. ஆனா சுவத்துல இருக்கற தெர்மோஸ்டாட், 'தரை எண்பத்தஞ்சு டிகிரி ஃபாரன்ஹீட்'னு கூசாம புளுகுது. வாஞ்சி ஒயரை மீட்டர் வச்சு செக் பண்ணினான். ஒயர் நல்லா இருக்குன்னுது மீட்டர். மீட்டரை மாத்தினான். புது மீட்டரும் அதையே சொல்லிச்சு. தெர்மோஸ்டாட்டை மாத்தினான். புதுசு பழசுக்கு மேல புளுகிச்சு. கம்யூனிட்டி வாட்ஸ்அப் க்ரூப்ல எழுதிட்டான்: "இந்த வீட்டைக் கட்டின பில்டர் எல்லார் முன்னாடியும் இங்கயே பதில் சொல்லணும்."

வீட்டுல சம்பாதிக்கறது அவன் பொண்டாட்டி மாளவிகா. இவன் ஏழாவது வருஷமா ஸ்டூடண்ட். படிச்ச படிப்பு வீட்டுக்கு உதவும்னு காட்ட, வாராது வந்த சான்ஸ். விடுவானா?

"மாளவிகா, அந்த மூலையில இருக்கற குண்டானை எடு."

"மாவு புளிக்குதுங்க. கம்பளி சுத்தி வச்சிருக்கேன்."

"ஒரு வாரமாவா புளிக்குது?"

"குளிர் அப்படி. நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"குறுக்க பேசாதே."

சரின்னு குண்டானைத் தூக்கிட்டுப் போயிட்டா. ஒயர் மேல படாம ஒவ்வொரு டைலா பேர்த்தான். பில்டரைத் திட்டினான், டைலைத் திட்டினான், நியூ ஜெர்சியையே திட்டினான். கடைசி டைலும் வந்துச்சு. உள்ளங்கால்ல இதமா ஒரு சூடு.

"பாத்தியா? சூடு வந்துடுச்சு. பிஎச்டின்னா சும்மாவா?"

"குண்டானை எடுத்தா வரத்தானே செய்யும்."

மாளவிகா குண்டானைக் கொண்டு வந்து கம்பளியைப் பிரிச்சுக் காட்டினா. உள்ள ஒரு சொட்டு மாவு இல்லை.

"இது இருந்த இடத்துக்குக் கீழதான் தரைச் சூட்டை அளக்கற சென்சார். மேல எதையாவது போத்தி வச்சா, அங்க மட்டும் சூடு சேர்ந்து, மொத்த தரையும் சூடாயிடுச்சுன்னு ஹீட்டிங் ஆஃப் ஆயிடும். குடி வந்த அன்னிக்கு நீங்கதானே ஒரு மணி நேரம் க்ளாஸ் எடுத்தீங்க?"

வாஞ்சிக்கு ஞாபகம் வந்துது. இவன் எடுத்த க்ளாஸ், அவ விட்ட கொட்டாவி, எல்லாமே.

"தெரிஞ்சேவா என்னை உடைக்க விட்டே?"

"இந்த சாணி கலர் டைல்ஸை மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா கேக்கறேன். 'நல்லா இருக்கற தரையை எவனாவது உடைப்பானா'ன்னீங்க."

வாஞ்சி வாயைத் திறக்கறதுக்குள்ள போன் சிணுங்கிச்சு. க்ரூப்ல பேர்த்த தரையோட ஃபோட்டோ. மயில்சாமி அங்கிள் அதுக்குள்ள கைதட்டல் போட்டிருந்தார். ஃபோட்டோவுக்குக் கீழ மாளவிகா எழுதியிருந்தா:

"எனக்குப் புது கிச்சன் தரை போட்டுத் தர, என் வீட்டுக்காரர் தன் கையாலயே வேலையை ஆரம்பிச்சுட்டார். வெள்ளையா, க்ரேயா, பொங்கலுக்குள்ள முடியுமா? அவரே எல்லார் முன்னாடியும் இங்கயே பதில் சொல்லணும்."