விழுவதற்கென்றே நட்ட கம்பம்

உலகம் தோன்றிய நாள் முதல் கம்பம் நட்டவர்கள் எல்லோரும் அது விழக்கூடாது என்றுதான் நட்டிருக்கிறார்கள். விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு நட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஒடிகம்பு ஓவர்சியர்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாரும் அதை விசாரித்ததில்லை.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம் அது. எங்கள் பக்கத்துத் தாலுகாக்கள் சென்னையோடு போகுமா, மலையாளத்தோடு கிடக்குமா என்று பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை ஒவ்வொரு டீக்கடையிலும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருவன் தும்மினால்கூட எந்தப் பாஷையில் தும்மினான் என்று கவனிப்போம். அதிலும் தெளிவு கிடைக்காது. எங்கள் வீடுகளில் தமிழில் ஆரம்பித்த சண்டை மலையாளத்தில் முடியும். நான் அப்போது பாறசாலையில் ஆதாரம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். நிலப் பத்திரம், மேலதிகாரிக்கு மனு, மொட்டைக் கடிதம் எதுவானாலும் இரண்டு மொழியிலும் எழுதுவேன். சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் மராமத்து இலாகாவிலிருந்து அவர் வந்து இறங்கினார். சில வருஷங்களுக்கு முன்பு இதே ரோட்டில் வேலை பார்த்துவிட்டுப் போனவராம். இப்போது தானே எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். ஊரே அடிதடியில் கிடக்கும்போது ஒருவன் கேட்டு வாங்கிக்கொண்டு வருவானா? எனக்கு அங்கேயே மூக்கு வியர்த்துவிட்டது.

ஆள் ஒல்லி. காக்கி நிக்கர், ஒரு பழைய தொப்பி, ஒரு சைக்கிள். சைக்கிளின் பின்னால் தச்சர்கள் துளை போடும் துறப்பணம் ஒன்று எப்போதும் கட்டியிருக்கும். ரோட்டோரத்தில் கம்பம் கண்டால் இறங்கிவிடுவார். தட்டிப் பார்ப்பார், நாடா பிடித்துச் சுற்றளவு எடுப்பார், நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார், சிலவற்றில் துளையும் போடுவார். தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்வார். மலையாளத்தில் பேசினால் மலையாளத்தில் சொல்வார். தனக்குத்தானே எண்ணும்போது இங்கிலீஷில் எண்ணுவார். இப்படிப்பட்ட ஆளை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

உதியன்குளங்கரையில் தங்கையன் டீக்கடைதான் எங்கள் தமிழ்க் கட்சிக்குத் தலைமையிடம். தங்கையன் டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாக ஆழம் பார்த்தார்.

“சாருக்கு ஊரு எதுவாக்கும்?”

“ரோட்டோரமாக்கும்.”

“கம்பை எதுக்கு அளக்குதீரு?”

“ஒடியுமான்னு பாக்கேன்.”

“ஒடிஞ்சா கஷ்டமில்லையா?”

“ஒடியணும் ஓய்! வண்டிக்குப் பிரேக்கு உண்டு. கம்புக்கு ஒரு இரக்கம் வேண்டாமா?”

அவர் போன பிறகு கடையில் யாரும் டீ குடிக்கவில்லை. தங்கையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “மக்கா, இவன் எல்லைக்கு அடையாளம் வைக்க வந்தவனாக்கும். தொளை போட்ட கம்பு வரைக்கும் அவனுகளுக்கு. அதுக்குத் தெக்க நமக்கு. இதுக்குத்தான் அளக்கான்.” எதிர்வரிசையில் ரேஷன் கடை வைத்திருந்த கேசவன் பிள்ளை ஐக்கிய கேரளக்காரர். அவரும் அதே துளைகளைப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருந்தார், திசை மட்டும் வேறு.

உண்மையில் விஷயம் சின்னதுதான். மரக்கம்பத்தில் தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் குறுக்காக இரண்டு துளை. காற்றுக்கும் மழைக்கும் கம்பம் அசையாமல் நிற்கும். வண்டி வந்து மோதினால் அந்த இடத்தில் முறிந்து விலகிவிடும். வண்டியில் இருக்கிறவன் பிழைத்துக்கொள்வான். அவர் எல்லோரிடமும் இதைத்தான் சொன்னார். ஒளிவு மறைவில்லாமல் சொன்னதால் ஒருவரும் நம்பவில்லை.

பரீட்சை செய்து பார்க்க ஆள் கிடைக்காததால் தன்னையே வைத்துப் பார்த்தார். நெஞ்சில் ஒரு தலையணையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, இறக்கத்தில் சைக்கிளை விட்டு, நேராகப் போய்த் தான் நட்ட கமுகுக் கம்பத்தில் மோதுவார். கம்பம் ஒடிந்தால் சந்தோஷமாக எழுந்து எழுதிக்கொள்வார். ஒடியாவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து எழுதிக்கொள்வார். ஒருமுறை, சுலபமாக முறியும் என்று முருங்கைக் கம்பம் நட்டார். மழை பெய்ததும் அது துளிர்த்துவிட்டது. சர்க்கார் பலகை இலைக்குள் மறைந்தது. தெருப் பெண்கள் குழம்புக்கு இலை பறித்தார்கள். தமிழர்களைச் சோறு போட்டு வளைக்கப் பார்க்கிறார்கள் என்று தங்கையன் ஒரு கூட்டத்திலேயே பேசினார்.

விவகாரம் முற்றியது உதியன்குளங்கரை வளைவில். அங்கே பழைய தண்டவாளத்தில் செய்த இரும்புக் கம்பம் ஒன்று, உச்சியில் ‘வளைவு’ என்று எச்சரிக்கும் பலகையோடு நின்றது. அதைப் பெயர்த்துவிட்டு அதே உயரத்துக்குத் துளை போட்ட அயனி மரக் கம்பம் ஒன்றை நட்டார். அந்த இடம் ரோட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். அதனால் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் முதல் நாள் அதன் உச்சியில் கொடி கட்டுவது வழக்கம். ஓவர்சியரின் கணக்கில் லாரி இருந்தது, பஸ் இருந்தது. கொடி கட்ட ஏறுகிறவன் இல்லை.

முதலில் தங்கையன் ஏறினார். நல்ல உடம்பு அவருக்கு. உச்சிக்குப் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடியை இழுத்துக் கட்டும்போது கீழே ‘படக்’ என்று கேட்டது. கொடி, பலகை, தங்கையன் மூன்றும் பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தன. ஓவர்சியர் சைக்கிளில் பறந்து வந்தார்.

“சாரே, எனக்க இடுப்பு போச்சு!” என்று தங்கையன் அலறினார்.

“இடுப்பு கிடக்கட்டும். உமக்கு எத்தன ராத்தல் வரும்?”

“எதுக்குவே?”

“தொளை பெரிசாயிப் போச்சு. சின்னதாக்கணும்.”

அடுத்த கம்பத்தில் சின்னத் துளை போட்டார். கேசவன் பிள்ளையின் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து ஏறினார்கள். அதுவும் போயிற்று. இப்போது இரண்டு கட்சிக்கும் சந்தேகமே இல்லை. நம் கொடியை விழ வைக்கத்தான் எதிரி இந்த ஆளை அனுப்பியிருக்கிறான். மூன்றாவது கம்பத்துக்கு அவர் துளையை இன்னும் சுருக்கினார். யாரும் அதன் பக்கம் போகவில்லை.

தங்கையன் என்னிடம் வந்தார். “எழுதும் ஓய்! இவன் சர்க்காருக்க உளவாளியாக்கும். நாகர்கோவில்ல நம்ம கட்சி ஆபீசுக்குப் போகட்டும் லெட்டர்.” தமிழில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கேசவன் பிள்ளை வந்தார். இவன் தமிழர்களின் ஆள், சமயம் வரும்போது கம்பங்களைச் சாய்த்துப் போலீஸ் ஜீப்பை மறிக்கப் போகிறான் என்று ஸ்டேஷனுக்கு மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டிலும் கையெழுத்து இல்லை. என் மேல் கோபப்படாதீர்கள், எழுதும்போது இரண்டுமே உண்மை என்றுதான் எனக்குப் பட்டது.

நாலாம் நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. ஓவர்சியரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், வாக்குமூலம் எழுத நான் வர வேண்டும். போனேன். ஏட்டின் மேஜை மேல் என் இரண்டு கடிதங்களும் அக்கம்பக்கமாகக் கிடந்தன. நாகர்கோவிலுக்குப் போட்ட தபாலை வழியிலேயே பிரித்திருக்கிறார்கள். ஏட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

“தான் இதொந்நு வாயிக்கு,” என்று தமிழ்க் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

நான் எழுதிய மொட்டைக் கடிதத்தை, யாரைப் பற்றி எழுதினேனோ அவர் முன்னால் நின்று, நானே உரக்க வாசித்தேன். “மேற்படி ஓவர்சியர் கம்பங்களில் ஓர் அங்குலத் துளை போட்டு எல்லை குறிக்கிறார்” என்ற இடத்தில் ஓவர்சியர் கையைத் தூக்கினார்.

“அது தப்பு. முக்கால் அங்குலமாக்கும். திருத்தி எழுதும்.”

ஏட்டு இரண்டு கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றில் சர்க்கார் உளவாளி, மற்றதில் சர்க்கார் விரோதி. “இதில் ஏதாடோ சத்யம்?” என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரியாது ஏமானே என்றேன். பிறகு ஓவர்சியர் சொல்லச் சொல்ல, அதே மேஜையில் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினேன்.

“அந்த வளைவுல இருந்த இரும்புக் கம்பை நட்டது நானாக்கும். மூணடி குழி எடுத்து, சுண்ணாம்புக் கான்கிரீட்டு போட்டு, நானே நின்னு நட்டேன். மறுவருசம் காட்டாக்கடைச் சந்தையில இருந்து மரச்சீனி ஏத்தி வந்த லாறி அதுல இடிச்சுது. டிரைவருக்குக் கல்யாணம் ஆகி மாசம் ரண்டு. நானும் சேந்துதான் சவத்தை வெளிய எடுத்தோம். கம்பு வளையல்ல, பெயிண்டு கூடப் போகல்ல. நல்ல உறுதியான வேலைன்னு மேலாபீஸ்ல இருந்து எனக்குப் பாராட்டு வந்துது.”

நான் எழுதி முடித்தேன். அப்போதும் என் புத்தி என்ன நினைத்தது தெரியுமா? உளவாளிகள் இப்படிக் கதை தயாராக வைத்திருப்பார்கள் என்று நினைத்தது. அவரைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷன் வரை போன விஷயம் மேலாபீஸை எட்டியது. மரக்கம்பத்தைப் பிடுங்கிவிட்டுப் பழைய இரும்புக் கம்பத்தை நட வேண்டும், ஓவர்சியர் அம்பூரி மலைப்பக்கம் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இரும்புக் கம்பத்தைத் திரும்ப நட வேண்டிய நாளன்று ஒரு பத்திர வேலையாக நான் நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் தங்கையன், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேசவன் பிள்ளை. உதியன்குளங்கரை வளைவு திரும்பும்போது ஒரு காளை ரோட்டுக்குக் குறுக்கே ஓடிற்று. டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பினார். கண்ணாடிக்கு நேராகக் கம்பம் வருவதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

‘படக்.’ தங்கையன் விழுந்த அன்று கேட்ட அதே சத்தம். பஸ் குலுங்கிக்கொண்டே மரச்சீனித் தோட்டத்துக்குள் போய், மண்ணில் புதைந்து நின்றது. சிராய்ப்பு, வீக்கம், ஒரு உடைந்த பல். அவ்வளவுதான். ஒவ்வொருவராக வெளியே குதித்தோம். தங்கையனும் கேசவன் பிள்ளையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடியே வந்தார்கள். ரோட்டோரப் புல்லில் அந்த இரும்புக் கம்பம் கிடந்தது. அதை நட வந்த கூலியாட்கள் மண்வெட்டியும் கையுமாக நின்றார்கள். பஸ் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் அதுதான் எங்கள் முன்னால் நின்றிருக்கும்.

ஓவர்சியர் ஓடி வந்தார். முறிந்த கம்பத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாடாவையும் எடுக்கவில்லை. ஆட்களை எண்ணத் தொடங்கினார். முதல்முறையாக அவர் தமிழில் எண்ணக் கேட்டேன்.

“எத்தன டிக்கெட்டு?” என்று கண்டக்டரைக் கேட்டார்.

“முப்பத்தி நாலாக்கும் சாரே.”

“முப்பத்தி மூணுதான் இருக்கு.” மறுபடி எண்ணினார். மறுபடியும் முப்பத்து மூன்று. பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்தார். செடிகளை விலக்கிக்கொண்டு, “மக்கா, யாரு? எங்க கிடக்கிய? ஒரு சத்தம் குடு மக்கா!” என்று கூப்பிட்டுக்கொண்டே தோட்டமெல்லாம் நடந்தார்.

குறைந்த ஆள் நான்தான். அடி ஒன்றும் இல்லை. அவர் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் செடியை விலக்கி என்னைக் கண்டார்.

“எழுத்துக்காரரா? கை காலு உண்டா?”

“உண்டு சாரே.”

“அப்ப முப்பத்தி நாலு,” என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அன்றே ஒரு மனு எழுதினேன். அந்த வளைவில் இனி ஒடியும் கம்பம்தான் நிற்க வேண்டும் என்று, இரண்டு மொழியிலும். தங்கையனும் கேசவன் பிள்ளையும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான். முதல் கையெழுத்து என்னுடையது. கம்பம் கிடைத்தது. ஓவர்சியரின் மாற்றல் மட்டும் மாறவில்லை. எல்லைக்கோடு பிறகு எங்களுக்குத் தெற்கே போயிற்று, நாங்கள் மலையாளத்தோடு கிடந்தோம். அதற்கும் அவருடைய துளைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவரை வழியனுப்பப் போயிருந்தேன். சைக்கிளையும் துறப்பணத்தையும் பஸ் மேலே ஏற்றிக் கட்டினார்கள். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

“எழுத்துக்காரரே, உமக்க கையெழுத்து ரண்டு பாஷையிலயும் நல்லாட்டு உண்டு. அன்னைக்கு ஸ்டேஷன்ல அந்த ரண்டு மொட்டைக் காயிதத்தையும் எனக்க வாக்குமூலத்தையும் சேத்து வச்சுப் பாத்தேனே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பஸ் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். அப்படியானால், அன்று மரச்சீனித் தோட்டத்தில் என்னைக் கண்டபோதே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என்னையும் சேர்த்து முப்பத்து நாலு என்று எண்ணியிருக்கிறார்.