அதிர்ச்சி அண்ணன் கொடுத்த ஓய்வு

ஒரு பந்தைக்கூடப் பார்க்காமல் ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச்சைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவர் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரிடம் நான் வேலை கற்றுக்கொண்டதால் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டோம்.

அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அதிர்ச்சி அண்ணன், அவ்வளவுதான். புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு டயர் கடை மாடியில் நடந்த செய்தி இணையதளத்துக்கு அவர் விளையாட்டு ஆசிரியர். அவருக்குக் கீழே நான் விளையாட்டு நிருபர். எனக்குக் கீழே டயர் கடை பாய். செவ்வாப்பேட்டையிலிருந்து பஸ் மாறி நான் போய்ச் சேருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். அதனால் எங்கள் செய்திக்கு எந்தக் குறையும் வந்ததில்லை.

'மெல்போர்ன் மைதானத்தில் இன்று காலை ஜில்லென்று காற்று வீசியது' என்று நான் எழுதிய நாளில் எங்கள் ஆபீஸில் ஃபேன் ஓடவில்லை. எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் போகிற லாரிகளின் புகைதான் ஜன்னல் வழியாக வீசிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டுரைக்கு அடியில் அண்ணன் என் போட்டோவைப் போட்டு 'நமது சிறப்பு ஆய்வாளர்' என்று எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நான் மைதானத்தைச் சுற்றி ஓடியதெல்லாம் பிரேயருக்கு லேட்டாகப் போன நாட்களில்தான். ஸ்டம்பைத் தொட்டதுண்டு, நட்டு வைக்கச் சொன்னபோது.

எங்கள் ஆபீஸில் வேலை தலைப்பிலிருந்து தொடங்கும். அண்ணன் தலைப்பை டைப் அடித்து எனக்கு அனுப்புவார். நான் அதற்குக் கீழே மேட்டர் எழுத வேண்டும். என்ன நடந்தது என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். எந்தத் தலைப்பும் ஒரே மாதிரிதான் முடியும். மேட்ச் டிராவா, 'இரு அணிகளுமே ஜெயிக்கவில்லை: ரசிகர்கள் அதிர்ச்சி'. எல்லாரும் சொன்ன அணியே ஜெயித்ததா, 'எதிர்பார்த்தபடியே நடந்தது: ரசிகர்கள் அதிர்ச்சி'. சென்னையில் மேட்ச் நின்றபோது 'ஐப்பசியில் மழை: ரசிகர்கள் அதிர்ச்சி' என்று போட்டார்.

ஆனால் அண்ணன் பொய் எழுத மாட்டார். அப்படித்தான் அவர் மனசார நம்பினார். யாராவது நிஜமாகவே அதிர்ச்சி அடைந்தால்தான் அந்த வார்த்தையைப் போடுவார். அதற்காக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே கூப்பிடுவார்.

"பாய், கேப்டன் டக் அவுட்டு. ஷாக் ஆனியா?"

பாய் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "எந்த கேப்டனு?" என்பார்.

"எந்த கேப்டனா இருந்தா இன்னா? ஆனியா, இல்லியா?"

"ஆய்ட்டேன்பா, உடு."

"ரசிகர்கள்னு போடணும் பாய். ஒருத்தர் பத்தாது. இன்னொருத்தரக் கேளு."

டயர் மாற்ற வந்த லாரி டிரைவரை பாய் கேட்பார். அவர் ஒடிசாக்காரராக இருப்பார். கேள்வி புரியாமல் திருதிருவென்று விழிப்பார்.

"மூஞ்சப் பாரு, இன்னா ஷாக்கு," என்று அண்ணன் திருப்தியாகப் பட்டனை அமுக்குவார்.

இப்படி உலக விளையாட்டுகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, உள்ளூர் செய்தியும் போடலாமே என்று ஒரு ஆசை வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை டீம்களுக்குள் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு ரோலிங் மில் டீமுக்கு ஸ்டீபன் கேப்டன். மில்லில் கிரேன் ஓட்டுகிற இளைஞன். அவன் பந்து வீசினால் கீப்பர் இரண்டடி பின்னால் போய் நிற்பான் என்று கேள்வி. வழக்கம் போல நாங்கள் பார்க்கவில்லை.

செமி ஃபைனலுக்கு முந்தின நாள் டீம் மேனேஜர் அண்ணனுக்குப் போன் செய்தார். "ஸ்டீபனுக்கு நாளிக்கு ரெஸ்ட் குடுத்துட்டோம் சார். ஃபைனல்ல எறக்குறோம்."

தலைப்பில் இங்கிலீஷ் வார்த்தை வந்தால் அண்ணனுக்குப் பிடிக்காது. ரெஸ்ட்டைத் தமிழாக்கினார். 'ஸ்டீபன் ஓய்வு: ரசிகர்கள் அதிர்ச்சி' என்று எனக்கு வந்து சேர்ந்தது.

கிரிக்கெட்டில் ஓய்வு என்றால் என் மண்டைக்கு எட்டியது ரிட்டயர்மென்ட் ஒன்றுதான். உருக்கமாக ஒரு வழியனுப்பு உரையே எழுதினேன். 'நீண்ட காலம் களத்தில் உழைத்த மூத்த வீரர், உடல் ஒத்துழைக்காததால் கண்ணீருடன் விடைபெற்றார். இனி மனைவி மக்களோடு நேரத்தைச் செலவிடுவார்.' எழுதி முடித்து நானே இரண்டு தடவை படித்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டீபன் மில் யூனிஃபாரமோடு மாடி ஏறி வந்தான். கத்துவான் என்று பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம எளாவூர்ல எனக்கு நிச்சயம் சார். பொண்ணோட அப்பா நிறுத்திட்டாரு."

"ஏன்பா?" என்றார் அண்ணன்.

"ரிட்டயர்டுன்னு போட்டுக்கீது. ஒடம்பு முடிலன்னு போட்டுக்கீது. மனைவி மக்கள்னு வேற போட்டுக்கீது. எனக்கு ஏது சார் மனைவி? மெர்சியும் நானும் கம்பெனி பஸ்ல ஒண்ணா போய்க்கினு வந்துக்கினு பழகினோம். அவங்கப்பாவ ஒத்துக்க வெக்கிறதுக்குள்ள உயிரு போயி உயிரு வந்துச்சி. இப்ப மெர்சி போனே எடுக்க மாட்டேங்குது."

நான் மானிட்டருக்குப் பின்னால் முடிந்தவரை குனிந்துகொண்டேன். அங்கிருந்தபடியே, "கீழே சின்னதா ஒரு மறுப்பு போட்டுடலாம்ணே," என்றேன்.

"மறுப்ப எவன் படிப்பான்? நீ என்னிக்காவது படிச்சிக்கிறியா?" அண்ணன் பைக் சாவியை எடுத்துக்கொண்டார். "ஏறு பின்னால."

எளாவூரில் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறவர் மெர்சியின் அப்பா. அவர் வீட்டுக்கே போய் நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"நீங்கதானா அது? நாஷ்டா துன்றதுக்கு முன்னாடி உங்களுதத்தான் சார் பாப்பேன். ஒவ்வொரு தபாவும் அப்டியே ஷாக் ஆய்டுவேன்."

அண்ணன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. எங்களைப் படிக்கிற ஒரு ஆளை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. 'டைப்பிங் மிஸ்டேக்குன்னு சொல்லிடுங்க' என்று அவர் காதில் ஓதினேன். அப்படிச் சொல்லியிருந்தால் நிச்சயமும் நடந்திருக்கும், வாசகரும் மிஞ்சியிருப்பார்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நின்றார். "அதுல ஒண்ணுமே நெசம் கெடியாதுங்க. ஒரு நாள் ஆட்டத்துக்குத்தான் அவனுக்கு ரெஸ்ட்டு. வேல கீது, ஒடம்பு நல்லா கீது, கல்யாணம் ஆவல. மீதியெல்லாம் நாங்க ரூம்ல குந்திக்கினு எழுதினது."

மெர்சியின் அப்பா விடவில்லை. "அப்ப மெல்போர்ன்ல காத்து அடிச்சிதே?"

"அடிச்சிருக்கலாம். நாங்க பாக்கல."

"இவரு சிறப்பு ஆய்வாளராச்சே?" என்று என்னைக் காட்டினார்.

"அதுவும் நாங்களா போட்டதுதான்."

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. மெர்சியின் அப்பா போனை எடுத்து, தினமும் படிக்கச் சேமித்து வைத்திருந்த எங்கள் பக்கத்தை எங்கள் கண்ணெதிரிலேயே நீக்கினார். அதே போனில் ஸ்டீபனைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம வந்துடு நைனா," என்றார். உள்ளே கதவோரம் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் கேட்டது.

அண்ணன் பைக்கை நேராகப் புதுவாயலுக்கு விட்டார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது, "ஒரே ஒருத்தரு படிச்சிக்கினு இருந்தாரு," என்றார்.

கொஞ்ச நாளில் இணையதளத்தை மூடிவிட்டார்கள். அண்ணன் ஆந்திரா பக்கம் ஏதோ குடோன் வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். நான் சென்னையில் இன்னும் பெரிய ஆபீஸில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறேன். முறை ஒன்றும் மாறவில்லை, ஏ.சி. இருக்கிறது.

அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தது ஸ்டீபன் கல்யாணத்தில்தான். பிரியாணிப் பந்தியில் பெண்ணின் அப்பா அவர் தோளில் கை போட்டு, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனார். "இவரு எழுதினதெல்லாம் பொய்யாம். ஊடு தேடி வந்து அவரே சொன்னாரு. இவரு ஒண்ணு சொன்னா கண்ண மூடிக்கினு நம்பலாம்." அண்ணன் கூச்சத்தில் நெளிந்தார். நான் எத்தனையோ எழுதிவிட்டேன், என்னைப் பற்றி இதுவரை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும்.