பலகைச் சாமி

காஜா பெராங்கில் அந்த வருஷம் இரண்டு கூட்டங்கள். மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், கொண்டாட ஒன்று. பலகைச் சாமியைப் பார்க்க ஒன்று. இரண்டாவதுதான் பெரியது. உஜோங் பாசிர், செங் ஊர்களிலிருந்தும்கூடப் பெண்கள் வந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே குறை. வாய்விட்டுச் சொல்லக் கூசும் குறை. பல பிள்ளை பெற்று, கருப்பை கீழே இறங்கியவர்கள்.

சாமியின் பெயர் கலியாணசுந்தரம். முந்தின வருஷம்வரை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். யாரையும் தொடமாட்டார். திரைக்குப் பின்னால் ஒரு சாய்வுப் பலகை. கால் மேலே, தலை கீழே. பெண் படுப்பாள். திரைக்கு இந்தப் பக்கம் சாமி அரை மணி நேரம் மந்திரம் சொல்வார். கருப்பை ஏறிவிடும். வீட்டுக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் தூக்கினால் இறங்கிவிடும். ஏற்றியது சாமி. இறக்கியது வீட்டில் யாரோ.

பொன்னம்மாள் ஏழு பெற்றவள். அவளுக்கு ஐந்து முறை ஏறி, ஐந்து முறை இறங்கியது. நாட்டுக்கொடியைக்கூட ஒரு தடவைதான் ஏற்றினார்கள்.

"உன் மருமக கால் சரியில்ல," என்றார் சாமி. "தாய் வீட்டுக்கு அனுப்பு. திரும்பக் கூப்பிடாதே."

மருமகள் ஜெயா வந்து நான்கு மாதம். நல்ல பெண். மீன் குழம்பு பிரமாதம். பொன்னம்மாளுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ஜெயா அழவில்லை. துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தே, காலைல எந்திரிக்கிறப்ப அடி தள்ளி இறங்கியிருக்கா?"

"இல்ல. சாயங்காலந்தான்."

"அப்ப ராத்திரி பூரா யாரு மந்திரம் சொன்னா?"

பொன்னம்மாள் யோசித்தாள். பழக்கமில்லாத வேலை. தலை வலித்தது.

மறுநாள் இருவரும் போனார்கள். சாமி காப்பிக் கடையில் இருந்தார்.

"அவரு வர்றதுக்குள்ள பலகையில படுங்க," என்றாள் ஜெயா.

சாமி வாயைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். 'ஓம்' என்றார்.

"வேணாம் சாமி," என்றாள் பொன்னம்மாள் திரைக்குள்ளிருந்து. "அது அப்பவே ஏறிருச்சு."

கூட்டம் நிமிர்ந்தது. சாமி அசரவில்லை. "வர்ற வழியிலேயே சொல்லிக்கிட்டு வந்தேன்."

"நல்லது சாமி," என்றாள் ஜெயா. "அத்தை இப்ப எந்திரிச்சு நிப்பாங்க. இறங்கும். நின்னபடியே ஏத்துங்க. ஏறிட்டா நான் இன்னிக்கே தாய் வீட்டுக்குப் போயிடறேன்."

சாமி சொன்னார். வேகமாகச் சொன்னார். வியர்க்க வியர்க்கச் சொன்னார். பொன்னம்மாள் நின்றபடி ஒரு முறை இருமினாள்.

"கீழதான் இருக்கு சாமி."

"மருமக நிழல் படுது!"

ஜெயா ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

"இப்பவும் கீழதான் சாமி."

வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "எனக்கும் நின்னபடியே ஏத்துங்க லா!" பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். சாமி கால் கழுவிவிட்டு வருவதாகக் கொல்லைப்புறம் போனார். இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார்.

"அப்ப என் உடம்புக்கு என்னதான்டி?" என்று வழியில் கேட்டாள் பொன்னம்மாள்.

"ரப்பரை ஏழு தடவ இழுத்தா தொய்யாதா அத்தே? உள்ள தாங்குற சதை தொய்ஞ்சிருச்சு. ஆஸ்பத்திரில முட்டுக்கொடுக்க ஒரு வளையம் வைப்பாங்க. எங்கம்மாவுக்கு வச்சாங்க."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க என் பேச்சக் கேட்டீங்க? என் கால இல்ல பாத்துக்கிட்டிருந்தீங்க."

பொன்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீ இல்லாம அங்க நான் என்னத்தப் பேசுவேன்?"

தாய்மாரே, படுத்துக்கொண்டு கேட்டால் எந்த மந்திரமும் பலிக்கும். கொஞ்சம் எழுந்து நின்று கேளுங்கள்.