அலமாரிக் கதவு காத்த படலம்

மாடிப்படி உச்சியில் மணிமுடி தரித்தோன், மின்விசிறி நிழலமர் வேந்தன், சாய்வுநாற்காலிச் சிங்கம், ஒட்டடை ஒன்றுக்கும் ஊறு நினையாத அருட்கடல், குழாய் விடிய விடியச் சொட்டினும் குலைநடுங்காத தீரன், 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்னும் ஒரே மந்திரத்தால் ஆண்டுகள் பலவற்றை வென்றடக்கிய வீட்டுக்காரப் பெருமான் வாழ்க! அவன் முதுகு வாழ்க! ஏனெனில் இக்காதை முழுவதும் அந்த முதுகின் காதையே.

அப்பெருமானுக்கு வாய்த்த பட்டத்தரசியோ நாவொன்றினால் நாற்படையும் நடத்த வல்லவள். ஆயினும் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் சில காலமாக அவளுக்கு எதிராகவே கலகக்கொடி தூக்கியிருந்தன. காய்கறிப் பையோடு படியேறுகையில் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். மேலேயும் பாராமல் கீழேயும் பாராமல் பையின் காதை முறுக்கிக்கொண்டிருப்பாள். அதைக் கண்ட அன்று நாயகனின் நெஞ்சு உண்மையாகவே வலித்தது. இம்மாடி வீட்டை விற்றுத் தரைத்தளத்தில் உனக்கோர் வீடு கொள்வேன் என்று அக்கணமே சூளுரைத்தான். சூளுரைத்த கையோடு, நாளைக்குத் தரகரிடம் பேசுவதாகவும் சொல்லி வைத்தான்.

நாளைகள் பல கழிந்து தரகரும் வந்தார். அவர் பின்னே வீடு பார்ப்போரும் வந்தனர். முதலில் வந்த குடும்பம் கூடத்தின் நடுவே காயும் துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்து, குனிந்தபடியே வெளியேறியது. அடுத்து வந்த குடும்பம் படுக்கையறையில் மலையெனக் குவிந்த துணியைக் கண்டு, அதனடியில் ஒரு கட்டில் உண்டென்பதையே அறியாமல் திரும்பியது. அது கண்டு பொறுமையிழந்த தரகர் வாசற்படியில் நின்று தம் ஆணையை முழங்கினார்: "சாமான் தெரியக்கூடாது சார், சுவர் தெரியணும். சாயங்காலம் ஒரு ஜோடி வர்றாங்க. இவங்களும் வேண்டாம்னுட்டா எங்கிட்ட வேற ஆள் இல்ல."

அது கேட்டு எழுந்தது போர். முழங்காலை நீட்டி முக்காலியில் வீற்றிருந்த அரசி துடைக்கும் துணியைக் கொடியென வீச, அவள் தம்பி, உறவினரால் 'புயல்' என்று போற்றப்படுபவன், விளக்குமாறு ஏந்திக் களம் புகுந்தான். புயலுக்கு வேகம் உண்டு, வரிசை கிடையாது. ஆதலால் முதலில் தரையைப் பளிங்கெனத் துடைத்தான். பிறகு அதன்மேல் ஒட்டடை அடித்தான். பிறகு மறுபடியும் தரையைத் துடைத்தான். விருந்துக்கு வந்தவன் போல ஓரமாக நின்ற நாயகனோ, இத்தனை காலம் தன் அடைக்கலத்தில் வாழ்ந்த சிலந்திகள் குடிபெயர்வதை ஈரக் கண்களோடு நோக்கினான்.

கூடம் வென்றாயிற்று, சமையலறை சரணடைந்தது. வென்ற நாடுகளின் சிறைக்கைதிகளை எங்கே அடைப்பது? படுக்கையறையில் சுவரோடு சுவராக, தரைதொட்டுக் கூரைமுட்டி நின்றது ஓர் அலமாரி. அதன் தாழ்ப்பாள் என்றோ கழன்று விழுந்தது. புதிதொன்று வாங்கிவந்த நாயகன் அதை நாளைக்கு மாட்டலாம் என்று எங்கோ பத்திரமாக வைத்தான். பத்திரமாக வைத்ததால் பின்பு அது எவர் கண்ணிலும் படவில்லை. அந்த அலமாரிக்குள் மூடியிழந்த பாத்திரங்களும் பாத்திரமிழந்த மூடிகளும், சக்கரம் போன பெட்டியும், மூச்சடங்கிய மிக்ஸியும், கம்பி துருத்திய குடைகளும், எந்த டிவிக்கு உரியவை என்று எவருமறியா ரிமோட்டுகளும், யாவற்றுக்கும் மேலாக அந்தத் துணிமலையும் புகுந்தன. கதவை மூடினான் புயல். கதவு திறந்தது. மீண்டும் மூடினான். மீண்டும் திறந்தது. அழைப்பு மணி அடித்தது.

"அத்தான், நீங்க சும்மா சாஞ்சு நில்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றான் புயல்.

சும்மா நிற்பதற்கென்றே பிறந்த பெருமான், வாழ்நாளில் முதன்முறையாகச் சும்மா நிற்பது எத்துணைக் கடும்போர் என்று அன்றுதான் அறிந்தான். குடைக்கம்பி ஒன்று கதவிடுக்கின் வழியே விலாவைத் துளைத்தது. பெட்டி முதுகை முட்டியது. தரகரோடு வந்திருந்த இளந்தம்பதியை எழுந்து வரவேற்று அறை அறையாக அழைத்துச் சென்றவள் அரசிதான். சுவரைப் பிடித்துப் பிடித்து, வலியை மறைத்துச் சிரித்தபடி அவள் நடப்பது அவனுக்குத் திறந்த வாசல் வழியே தெரிந்தது. ஓடிச்சென்று தாங்கவும் வழியில்லை. தாங்க வேண்டிய தோள் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தது. இவர்களும் வேண்டாம் என்றால் அவளுக்கு அந்தப் படிகள்தான் கதி.

தம்பதியர் படுக்கையறைக்குள் வந்தனர். பெண்ணின் பார்வை நாயகனைத் தாண்டி அவன் பின்னால் சென்றது. அது அலமாரியா, திறந்து பார்க்கலாமா என்று அவள் கேட்க, பெருமான் நெஞ்சு நிமிர்த்தி, "அது சும்மா பலகைம்மா, அழகுக்கு அடிச்சது" என்று அறிவித்தான்.

அறிவித்த வாய் மூடவில்லை. அவன் இத்தனை ஆண்டு அருள் செய்து வளர்த்த ஒட்டடையின் தூசொன்று, செய்ந்நன்றி கொன்று, அவன் மூக்கினுள் புகுந்தது. அண்டம் குலுங்கத் தும்மினான். முதுகு ஒரு கணம் விலகியது. அணை உடைந்தது! பெட்டி பாய்ந்தது, மூடிகள் சக்கராயுதங்களாய்ச் சுழன்றோடின, துணிமலை சரிந்து நாயகனை இடுப்பு வரை மூடியது. கடைசி மூடி கூடம் வரை உருண்டு, தரகரின் காலடியில் நெடுநேரம் ஆடி அடங்கியது.

அரசி கையிலிருந்த துணியின் நுனியை முறுக்கத் தொடங்கினாள். படியில் உட்கார்ந்து பையின் காதை முறுக்குவாளே, அதே முறுக்கு. நாயகனுக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண்ணோ குவியலைத் தாண்டிப் போய், காலியான அலமாரிக்குள் தலையை நுழைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்வளவும் இதுக்குள்ளயா இருந்துச்சு?" என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நம்ம சாமான் மொத்தமும் இதுலயே அடங்கிடும். எனக்குப் பிடிச்சிருக்கு."

கணவன் தலையசைத்தான். தரகருக்கு மூச்சு வந்தது. வீடு முடிந்தது என்று அங்கேயே பேச்சாயிற்று. இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டுத் தர வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

பழக்க தோஷத்தால் பெருமானின் திருவாய் 'நா' என்று தொடங்கியது. அதற்குள் அரசி மெல்லக் குனிந்து, சரிந்த குவியலிலிருந்து பழுப்பேறிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து, அவன்முன் நீட்டினாள். உள்ளே, வாங்கியது வாங்கியபடி, தாழ்ப்பாளும் அதற்குரிய திருகாணிகளும் இருந்தன. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, புயலிடம் திருப்புளி கேட்டான்.

தாழ்ப்பாள் போட்டு முடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆயிற்று.