அக்காவுக்கு நான் வைத்த தாடி

அரைகுறையாகத் தெரிந்த ஒரு மெஷினையும் முழுசாக நிரம்பிய தலைக்கனத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் என் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். காட்டட்டும். நானே ஒப்புக்கொள்கிறேன். இருபத்து மூன்று வயதில் நான் ஒரு கழுதை. (கழுதைகள் மன்னிக்கவும். அவை யாருக்கும் பெண் பார்க்க உதவி செய்ததில்லை.)

அப்போது எனக்கு வேலை கிடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் தங்கச் சுரங்க ஊரில் மைசூர் மைன்ஸ் பக்கம் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று. அங்கே யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒரு மெஷின் இருந்தது. கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்திருப்பார்கள். மேஜை அளவுக்கு ஒரு தட்டு, அதில் தடித்த தாளைப் பொருத்த வேண்டும். மேலே ஓர் இரும்புக் கை இப்படியும் அப்படியும் ஓடும். அதன் நுனியில் இருக்கும் ஊசி கம்ப்யூட்டரில் உள்ள படத்தைத் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தும். தாளைத் திருப்பினால் அந்தப் புள்ளிகள் மேடாக எழும்பியிருக்கும். இதயம், இந்தியா மேப், முக்கோணம் என்று எதுவானாலும் பிள்ளைகள் விரலால் தடவிப் படித்துக்கொள்வார்கள். அது போடும் சத்தத்துக்காகப் பிள்ளைகள் அதற்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

என் வேலை என்ன தெரியுமா? பெங்களூரிலிருந்து தயாராக வரும் படங்களைத் திறந்து, தாளைப் பொருத்தி, ஸ்டார்ட் பட்டனை அமுக்குவது. அவ்வளவுதான். ஆனால் எங்கள் பேட்டையான கோரமண்டலில் என்னைப் பார்த்து 'இன்னா வேல பண்ற' என்று கேட்டவர்களிடமெல்லாம் 'டாக்டைல் கிராஃபிக்ஸ் என்ஜினியர்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். விசிட்டிங் கார்டுகூட அடித்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் சுமித்ரா மேடம். கன்னடக்காரர், அவருக்கும் பார்வை கிடையாது. சேர்ந்த அன்றே ஒரே ஒரு விதியைச் சொன்னார்: "நான் கை வைக்காத தாள் இந்த ரூமை விட்டுப் போகக்கூடாதப்பா." பள்ளியில் இருந்த விதி அது ஒன்றுதான். நான் மீறியதும் அதைத்தான்.

இனி அக்கா கதை. எஸ்தர் அக்காவுக்குப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட் பிரிவில் வேலை. தினமும் கோரமண்டலில் ரயில் ஏறுவாள். பக்கத்துப் பேட்டை பாலகாட்டைச் சேர்ந்த பிரபாகர் முந்தின ஸ்டேஷனிலேயே ஏறி உட்கார்ந்திருப்பார். பேங்க் வேலை, பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒருநாள் அக்கா இயர்போன் இல்லாமல் போனில் சீரியல் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். எதிர் சீட்டிலிருந்து அவர், "ஒண்ணு சத்தத்தக் கொறைங்க, இல்லாட்டி மொதல்லேர்ந்து வைங்க. நடுவுல கேட்டா யாரு யார ஏமாத்தறாங்கன்னே புரியல" என்றிருக்கிறார். அக்கா வெட்கமில்லாமல் முதலிலிருந்து வைத்திருக்கிறாள். அங்கே தொடங்கி ஒரு வருடத்தில் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர், அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். "ரோட்டத் தாண்டறதுக்கே கஷ்டப்படுவாரு, குடும்பத்த எப்பிடிமா நடத்துவாரு?" என்பார். நான்கு மாதம் அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "ஒரு தடவ வரச் சொல்லு. பேசிப் பாக்கறேன். எனக்கு ஒத்து வரலன்னா இத்தோட உட்ரணும்." அக்கா சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவரும் அவர் அம்மாவும் வருவதாக ஏற்பாடு. அந்த வியாழக்கிழமை சாப்பிடும்போது அம்மா ஒரு வார்த்தை விட்டாள்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொல்றோம். அந்தத் தம்பி எப்பிடிப் பாக்கும்?"

"ஒரு வருசமா தெனம் ரெண்டு மணி நேரம் பேசிகினு போறோம்மா," என்றாள் அக்கா. "இதுக்கு மேல இன்னா பாக்கணும்?"

அறிவுள்ளவன் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பான். எனக்கோ கையில் சோற்றோடு மின்னல் அடித்தது. அக்காவின் முகத்தை மரங்கொத்தியில் குத்தி அவர் கையில் கொடுத்தால்? மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக, என் தயவால், ஒரு முகத்தைப் 'பார்ப்பார்'. கண்ணீர் விடுவார். அப்பா என்னைக் கட்டிக்கொள்வார். (இந்தக் காட்சியை மனதில் நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் கண்ணீர் வந்தது.)

சனிக்கிழமை மேடம் மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

போட்டோ போன கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. அக்கா பட்டுச்சேலையில், தலை நிறைய மல்லிகையோடு, பின்னால் தொங்கும் பெரிய நட்சத்திரத்தோடு. தடவிப் படிக்கிற படத்தில் கோடுகள் குறைவாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், நிழல் கூடவே கூடாது என்பதெல்லாம் மெஷினோடு வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம். நான் அட்டையைத்தான் படித்திருந்தேன். போட்டோவைத் தானாகப் படமாக்கும் பட்டன் ஒன்று இருந்தது, அமுக்கினேன். கருப்பாக இருந்த இடமெல்லாம் புள்ளியாகிவிட்டது. கீழே ஆங்கிலத்தில் ESTHER என்று அடித்தேன், கம்ப்யூட்டரே அதைப் பிரெய்லாக மாற்றியது. எனக்குப் பிரெய்லில் ஓர் எழுத்து தெரியாது.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஸ்கிரீனில் அக்காவின் முகம் இடவலமாகத் திரும்பியிருந்தது. மூக்குத்தி இந்தப் பக்கம் இருக்கவேண்டியது அந்தப் பக்கம். 'மெஷின் செய்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே' என்று பரிதாபப்பட்டு, மிரர் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். முகம் சரியானது. உலகத்தின் பிழை ஒன்றைத் திருத்திய நிம்மதி.

மரங்கொத்தி ஒரு மணி நேரம் கொத்தியது. முதல் தாள் கொஞ்சம் கோணலாக வந்தது, அதை ட்ரேயில் போட்டுவிட்டு இரண்டாவது எடுத்தேன். கண் இருக்கும் இடத்தில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்து தாளே ஓட்டையாகியிருந்தது. பரவாயில்லை, கலை என்றால் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். அக்காவேதான்! (கண்ணை மூடுவதற்கு ஒரு நொடி முன்புவரை அந்தப் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது ஏனோ எனக்குத் தோன்றவில்லை.)

ஞாயிறு வந்தது. பிரபாகர் கைத்தடியை மடித்து வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் அம்மா ஒல்லியாக, வாய் திறக்காமல், எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் அளந்துகொண்டிருந்தார். அப்பா தொண்டையைச் செருமினார். அப்போது பிரபாகர் தலையைத் தூக்கி, "அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. ஃபேன்ல பேரிங் போயிடுச்சு போல கீதே?" என்றார்.

அப்பா நிமிர்ந்தார். ஒரு மாதமாக அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "உங்களுக்கும் கேக்குதா?"

"சுத்தி முடிக்கும்போது ஒரு கீச்சு வருது பாருங்க."

"அதான்! அத்தத்தான் நான் தலபாடா அடிச்சிக்கறேன்!"

அடுத்த கால் மணி நேரம் இருவரும் பேரிங், லேத், ரயில் சக்கரம் என்று பேசித் தீர்த்தார்கள். கதவோரம் டீ தட்டோடு நின்ற அக்காவின் முகத்தில் நான்கு மாதம் கழித்து ரத்தம் ஓடியது. காரியம் முடிந்துவிட்டது. நான் செய்யவேண்டியதெல்லாம் மிக்சரைத் தின்றுகொண்டு சும்மா இருப்பது மட்டும்தான். ஒரு குழந்தையால்கூட முடிகிற வேலை. என்னால் முடியவில்லை.

உள்ளே போய், கலர் காகிதம் சுற்றிய தாளை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். "அண்ணா! இது இன்னான்னு கண்டுபுடிங்க பாக்கலாம்!" என்று கத்தினேன். (பார்வை இல்லாதவரிடம் எதற்காகக் கத்தவேண்டும்?)

அவர் பொறுமையாகக் காகிதத்தைப் பிரித்து, விரல்களைப் படர விட்டார்.

"மேப்பா?"

"இல்லண்ணா! நல்லாப் பாருங்க!"

"மேல பெருசா மேடு... நம்ம சயனைட் மேடா?" (தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணை எங்கள் ஊரில் மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அவர் தடவியது அக்காவின் கொண்டையும் மல்லிகையும்.)

"கீழ வாங்கண்ணா, கீழ!"

"ஓ, ஆளா! தாடி கீது. மீசையும் கீது." மூக்கின் நிழல், கழுத்தின் நிழல். "தலையில ரெண்டு கொம்பு." நட்சத்திரம். பிறகு அவர் விரல் கண் வழியாகத் தாளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. அவர் அதை மெதுவாக வெளியே எடுத்தார். "கண்ணு ரெண்டும் இல்ல. கீழ பேரு போட்டிருக்கீங்க... வி... ஜௌ... வி. விஜௌவி. யாருங்க இவரு?"

"எஸ்தர் அக்காண்ணா," என்றேன். இந்த முறை கத்தவில்லை.

பிரபாகரின் அம்மா எழுந்து நின்றார்.

"கண்ணு தெரியாதவன வூட்டுக்குக் கூப்ட்டு உக்கார வெச்சு வெளையாட்டுக் காட்றீங்களா? இது எத்தினி விரலு சொல்லு, இது யாரு சொல்லுன்னு சின்ன வயசுலேர்ந்து இவனுக்குப் பரீட்ச வெக்காத ஆள் இல்ல. சர்ச்சுல வெச்சாங்க, கல்யாண வூட்ல வெச்சாங்க. பொண்ணு குடுக்கற எடத்துலயுமா? கண்ண ஓட்ட போட்டு வேற குடுக்கறீங்க. எழுந்திரு பிரபா, போலாம்."

அவர் குரல் உடைந்தது. நான் கண்டுபிடிக்கச் சொல்லிக் கத்தியது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

அக்கா டீ தட்டை டீப்பாயின் மேல் வைத்தாள்.

"ஆன்ட்டி, இவன் உங்க புள்ளைய கேலி பண்ணல," என்றாள். "கேலி பண்றதுக்கும் கொஞ்சம் அறிவு வேணும் ஆன்ட்டி. இவனுக்கு அது கெடையாது."

"அது உண்மைங்க," என்றார் அப்பா உடனே. "பெத்தவன் நான், சொல்றேன்."

"சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தான்," என்றாள் அம்மா.

என் பிறவியில் என் குடும்பம் ஒரே குரலில் பேசியது அன்றுதான். ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்ததில் அவருக்கே நம்பிக்கை வந்திருக்க வேண்டும். மெல்ல உட்கார்ந்தார்.

இதற்குள் எழுத்துகளைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்த பிரபாகர் என் பக்கம் திரும்பினார். "டேனியல், மெஷின்ல மிரர்னு ஒண்ணு இருந்திருக்குமே. அத எடுத்துட்டீங்களா?"

"ஆமாண்ணா. மூஞ்சி திரும்பித் தெரிஞ்சுது, அதான்..."

"முன்பக்கம் குத்தினா பின்பக்கந்தானே எழும்பும்? அதுக்குத்தான் மொதல்லயே திருப்பி வெச்சிருக்காங்க. எஸ்தர்னு எழுதி இடவலமா மாத்திப் படிச்சா, பிரெய்ல்ல ஒவ்வொரு எழுத்தும் வேற எழுத்தாயிடும்..." அவர் விரலால் காற்றில் புள்ளி வைத்துப் பார்த்தார். "விஜௌவி!" அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு நிற்கவே இல்லை. அவர் அம்மா அதட்டிப் பார்த்து, கடைசியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. டக் டக்கென்று என்னிடம் வந்தாள். "எங்கிட்ட கேட்டியாடா? அவருகிட்ட கேட்டியா? என் மூஞ்சி தெரியணும்னு அவரு உங்கிட்ட அழுதாரா?"

"உடுங்க எஸ்தர்," என்றார் பிரபாகர். "நீங்க கோவமா வந்தா செருப்பு சத்தமே வேற. பாவம், பயந்துடப் போறாரு."

அப்பா அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழம இத்தக் கழட்டலாம்னு கீறேன்," என்றார். "நீங்களும் வாங்க, மாப்ள. கீச்சு போச்சான்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா ஆறிப்போன டீயை எடுத்து எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தாள்.

எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது, என்னைத் தவிர. திங்கட்கிழமை நான் போவதற்குள் சுமித்ரா மேடம் ட்ரேயில் கிடந்த கோணல் தாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா, யாரு இது?"

"எங்க அக்கா, மேடம்."

அவர் தாளை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை தடவினார். "உயிரோட இருக்காங்களா?"

அடுத்த ஒரு மாதம் நான் குத்திய ஒவ்வொரு தாளையும் கண்ணில் துணி கட்டிக்கொண்டு தடவி, அது என்ன என்று அவருக்கு நானே சொல்லவேண்டும் என்று தண்டனை. நான் சிறுநீரகத்தை முந்திரிப்பருப்பு என்று சொன்ன நாளில் வகுப்பே வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. விசிட்டிங் கார்டு மிச்சமெல்லாம் அம்மாவுக்கு மளிகைச் சீட்டு எழுத உதவியது.

அக்காவும் மாமாவும் இப்போது பங்காருபேட்டையில் இருக்கிறார்கள். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது மாமா, "இவருதான் என் மச்சான், பெரிய ஆர்ட்டிஸ்ட்" என்பார். ஆன்ட்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கை என் கையில் கொடுத்து, "இது இன்னான்னு கண்டுபுடி பாக்கலாம்" என்பார். அந்தப் படத்தை அவர்கள் தூக்கிப் போடவில்லை. ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தாடியும் கொம்பும் தெளிவாகத் தெரியும். வருகிறவர்கள் யார் என்று கேட்டால், "விஜௌவி, எங்க வூட்டம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம்" என்று மாமா முகம் மாறாமல் சொல்வார்.

போன மாதம் போயிருந்தபோது ஃப்ரேமை உற்றுப் பார்த்துவிட்டு நான் கேட்டேன்.

"மாமா, இது தடவிப் பாக்கற படமாச்சே. மேல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே, நீங்க எப்பிடிப் பாப்பீங்க?"

"அதுக்குத்தான் போட்டோம்," என்றார் மாமா.