முதுகோடு முதுகு ஒட்டிய பத்திரம்

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அதனாலேயே எனக்கு ஒரு குணம் உண்டு. எனக்குப் படிக்கத் தெரியாத காகிதத்தை, படித்தவர்களைவிட அக்கறையாகப் பாதுகாப்பேன். அந்தப் பெருமைதான் ஒரு நாள் பத்திரப்பதிவு அலுவலகத்தில், அத்தனை பேர் நடுவில், என்னைத் தலைகுனிய வைத்தது.

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தபோது மண்ணிவாக்கத்தில் ஒரு மனை வாங்கினேன். (அப்போது அங்கே மனையைவிட முள்செடிதான் அதிகம்.) ஒரு மழைக்காலத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. பத்திரத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். என்னுடையது நனையவில்லை. அக்கம்பக்கத்தார் தங்கள் பத்திரங்களைத் துணிக்கொடியில் காயப்போட்டதைப் பார்த்தேன். தண்ணீர் வடிந்ததும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன், லேமினேஷன் போட.

"அக்கா, பின்னாடியும் எழுத்து, சீலு எல்லாம் கீது. தனித்தனியா போடட்டா?" என்று கடைக்காரர் கேட்டார். நல்ல மனுஷன்.

"அது ஆபீஸ்காரங்க கிறுக்கினதுப்பா. அழுக்கா இருக்குது. ரெண்டு ரெண்டு தாளா முதுகோட முதுகு பசை தடவி ஒட்டு. நல்ல பக்கம் மட்டும் வெளிய தெரியட்டும்."

பளபளவென்று வந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். பாதிரியாருக்குக்கூட.

பல வருஷம் கழித்து என் மகள் ஸ்டெல்லா அந்த மனையில் வீடு கட்ட நினைத்தாள். ஏழு வாடகை வீடு மாறியவள். மனை அவள் பெயரில் இருந்தால்தான் கடன் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்கப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

முகூர்த்த நாள். கல்யாண மண்டபம் போலக் கூட்டம். முன்பெல்லாம் எங்களைப் போல மனை வாங்குகிறவர்கள்தான் வருவார்கள். இப்போது சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியுமாக ஃபிளாட் பதிய நிற்கிறார்கள். எல்லார் கையிலும் கசங்கிய காகிதம். என் கையில் மட்டும் கண்ணாடி மாதிரி! நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் டோக்கன் வந்தது. பதிவாளர் அம்மா பத்திரத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, பதிவு பண்ண விவரம் பின்பக்கத்துலதானே இருக்கும். எங்க அது?"

"உள்ள இருக்கு மேடம்."

"உள்ளன்னா?"

"ரெண்டு தாளுக்கும் நடுவுல. தண்ணி, பூச்சி ஒண்ணும் தொட முடியாது."

"என்னாலயும் தொட முடியலையேம்மா!"

அறையே சிரித்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "இன்னாம்மா இப்படிப் பண்ணி வெச்சிருக்க?" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. நான் கொண்டை ஊசியை உருவி ஓரத்தை நெம்பத் தொடங்கினேன்.

"கை வெக்காதீங்க!" பதிவாளர் அம்மா எழுந்தே விட்டார். "இருக்கறதும் கிழிஞ்சுடும். நீங்க கிறுக்கல்னு மறைச்சது எங்க கிட்ட நகலா இருக்கும். உங்க பேரு, சர்வே நம்பர் வெச்சுத் தேடலாம். மனு போடுங்க. நகல் கிடைச்சதும் இந்தப் பிளாஸ்டிக்கையும் கொண்டாங்க, ஒத்துப் பாக்கறேன்."

மனு போட்டோம். ஒரு வாரத்தில் நகல் கிடைத்தது. ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை. இந்தப் பக்கத்து மனை அத்தனையும் கை மாறிக்கொண்டிருக்கிற காலத்தில், என் காகிதத்தை என்னைவிட ஒழுங்காக வைத்திருக்கிறார்களே என்று வியந்தேன். (பொறாமைதான்.)

"நீங்க லேமினேஷன் போடலியா மேடம்?" என்று கேட்டேன்.

"ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கோம்மா," என்றார். "ரெண்டு பக்கமும்."

அன்றே மனை ஸ்டெல்லாவுக்கு மாறியது. வீடும் எழும்பியது. அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறேன். ஆனால் புதுப் பத்திரத்தை மட்டும் என் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

போன வருஷம் ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையை என் கையில் கொடுக்கும்போது மருமகன், "அத்தைய ஜெராக்ஸ் கடைப்பக்கம் மட்டும் விட்டுடாத, ஸ்டெல்லா," என்றார். நர்ஸ் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

நான் குழந்தையை மெதுவாகத் திருப்பி, முதுகுப் பக்கத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கொஞ்ச ஆரம்பித்தேன்.